கை தட்டிய இடம்

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துக்கு நான் ஆலோசகராக இருந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சபை ஹாலில் புரொஜெக்டர் வைத்து 'ஹாக்ஸா ரிட்ஜ்' படம் போட்டோம். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று சொல்லி, மருத்துவ உதவியாளராகப் போர்க்களத்தில் நின்ற டெஸ்மண்ட் டாஸ் என்ற அமெரிக்கரின் நிஜக் கதை. 18 வயது தாண்டியவர்கள் மட்டும் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். முப்பது பேர் போல வந்தார்கள். டெஸ்மண்ட் டாஸ் அடிபட்டுக் கிடப்பவர்களை ஒவ்வொருவராக இழுத்து வந்து, கயிற்றில் கட்டிப் பாறை விளிம்பிலிருந்து இறக்கி, "ஆண்டவரே, இன்னும் ஒருத்தரைக் காப்பாற்ற உதவி செய்யும்" என்று ஜெபிக்கிற இடத்தில் ஹாலில் பேச்சு மூச்சில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம்தான். டாஸ் ஜெபித்து முடிக்கும்வரை கீழே காத்திருந்த படை மறுபடியும் மேலே ஏறுகிறது. இசை எழும்புகிறது. காட்சி மெதுவாக நகர்கிறது. ஜப்பானியர்கள் வரிசையாக விழுகிறார்கள். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். கைத்தட்டல் கிளம்பியது. நானும் தட்டினேன். இரண்டு தட்டோ மூன்று தட்டோ, அப்புறம் என் கை பாதியில் நின்றுவிட்டது. கொல்ல மாட்டேன் என்று சொன்ன ஒருவனுக்காக அழுத ஈரம் இன்னும் கன்னத்தில் காயவில்லை. அதற்குள் கொலைக்குக் கை தட்டிக்கொண்டிருந்தோம்.

வரலாற்றுப் போர்ப்படங்களை ஒரு கிறிஸ்தவன் பார்க்கலாமா என்ற கேள்வியை அதற்கு முன்பு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் வாய்க்கு வந்த பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

படம் போடுவதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சபையின் மூத்தவர் ஒருவர் என்னை நிறுத்தினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எனக்கு ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்தவர். "தம்பி, அந்தப் படத்துல ரத்தம் ஆறா ஓடுதாமே. பிள்ளைங்கள உட்கார வச்சு அதக் காட்டணுமா?" என்றார். கூடவே 101ஆம் சங்கீதத்தையும் சொன்னார்: "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்."

என்னிடம் பதில் தயாராக இருந்தது. "ஐயா, ரத்தம்தான் பிரச்சினைன்னா நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்த என்ன செய்யறது? ஒரு பொண்ண பன்னிரண்டு துண்டா வெட்டி நாடு முழுக்க அனுப்புன கதை அதுல இருக்கே. 2004ல 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' வந்தப்ப வேன் பிடிச்சு தியேட்டருக்குப் போனோமே, நீங்களும் வந்தீங்க. அதுல இல்லாத ரத்தமா? அதே மெல் கிப்சன் எடுத்த படம்தான் ஐயா இதுவும்." அவர் ஒன்றும் பேசவில்லை. சரி, பார்த்துச் செய் என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் ஒரு காலத்தில் சினிமா என்றாலே பாவம். ஆச்சி உயிரோடிருந்தவரை கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுத்தது கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை சபை வளாகத்தில் வெள்ளைத் திரை கட்டி இயேசுவின் படம் போடுவார்கள். அது மட்டும் கணக்கில் சேராது. சவுக்கடி விழும்போது ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ரத்தத்தைப் பார்த்த யாருக்கும் ரத்தத்தின் மேல் ஆசை வந்திருக்காது. அதனால்தான் ரத்தம் தெரிகிறதா இல்லையா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது சரிவராது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மூத்தவரிடம் நான் சொன்னது தப்பில்லை. ஆனால் அது பாதிதான்.

மீதிப் பாதி பழைய காலத்துச் சபைப் பிதாவான அகஸ்டினிடம் இருக்கிறது. 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் புத்தகத்தில் தன் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதுகிறார். சட்டம் படிக்க ரோமாபுரிக்குப் போன அலிப்பியுஸுக்கு, வாள்வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாகிற களியாட்டம் அறவே பிடிக்காது. கூட்டாளிகள் வலுக்கட்டாயமாக இழுத்துப் போகிறார்கள். "உடம்பைத்தான் இழுத்துப் போவீர்கள், என் மனசையும் கண்ணையும் அங்கே திருப்ப உங்களால் முடியாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வீரன் சாய்கிறான், கூட்டம் ஓவென்று கத்துகிறது. காதையும் மூடியிருக்கலாமே என்று அகஸ்டின் வருத்தப்படுகிறார். என்ன நடந்தாலும் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடலாம் என்ற தைரியத்தில் அலிப்பியுஸ் கண்ணைத் திறக்கிறார். அவ்வளவுதான். கீழே விழுந்த வாள்வீரனைவிட மோசமாக அவருடைய ஆத்துமா விழுந்தது என்கிறார் அகஸ்டின். அதற்கப்புறம் அவரே மற்றவர்களை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார். பிற்பாடு மனம் திரும்பி தகாஸ்தே ஊருக்கு ஆயராக ஆனார் என்பது வேறு கதை.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கூட்டத்தின் சத்தம். அலிப்பியுஸைக் கவிழ்த்தது அதுதான். எங்கள் ஹாலில் கேட்ட விசிலும் அதே சத்தம். 11ஆம் சங்கீதத்தில் "கொடுமையில் பிரியமுள்ளவனை" கர்த்தருடைய உள்ளம் வெறுக்கிறது என்று வருகிறது. கொடுமையைப் பார்த்தவனை என்று அங்கே இல்லை. பிரியமுள்ளவனை என்றுதான் இருக்கிறது. ஒரு போர்ப்படம் என் கண்ணுக்கு எதைக் காட்டுகிறது என்பதோடு, என் பிரியத்தை எந்தப் பக்கம் திருப்புகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

1998இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் தொடக்கத்தில் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரை வருகிறது. கை இழந்தவன் மற்றக் கையால் தன் கையையே பொறுக்கிக்கொண்டு நடக்கிறான். அதைப் பார்த்துவிட்டு, அங்கே போய் நின்று சண்டை போட வேண்டும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அது எனக்கு உறுத்தவில்லை. உறுத்தியது அதே படத்தில் வரும் ஜாக்சன் என்ற குறிபார்த்துச் சுடும் வீரன். கழுத்தில் சிலுவை. ஒவ்வொரு தடவை சுடும்போதும் அவன் வாயில் சங்கீத வசனம். கடைசிச் சண்டையில் தேவாலய மணிக்கூண்டில் இருந்துகொண்டு சுடுகிறான். "என் கைகளைப் போருக்கும் என் விரல்களை யுத்தத்துக்கும் படிப்பிக்கிற என் கன்மலையாகிய கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்கிற 144ஆம் சங்கீதத்தைச் சொல்லிச் சொல்லி. கல்லூரி நாட்களில் அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நம் வேதம் அங்கே வருகிறதே என்ற பெருமை. எதற்காக வருகிறது என்று யோசிக்கவில்லை. குண்டு குறி தப்பாமல் போவதற்கு வசனத்தை மந்திரம் மாதிரி வைத்திருந்தார்கள், நானும் ஆமென் போட்டேன். போர்ப்படத்தில் கெட்ட வார்த்தை வருகிறதே என்று முகம் சுளிக்கிற நாம், நல்ல வார்த்தை எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்று பார்ப்பதில்லை.

சரி, டாஸ் கதைக்கு வருகிறேன். அவருடைய நிஜ வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கியதே அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

டெஸ்மண்ட் டாஸ் 1919இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் ஊரில் பிறந்தவர். அப்பா தச்சர். குடும்பம் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை. வீட்டுச் சுவரில் பத்துக் கட்டளைகளைப் படங்களோடு சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற ஆறாம் கட்டளைக்குப் பக்கத்தில், செத்துக் கிடக்கும் ஆபேலுக்கு மேலே காயீன் நிற்கும் படம். ஒரு அண்ணன் தன் தம்பியை எப்படிக் கொல்ல முடியும் என்று சின்ன வயசில் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். 1942இல் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையைச் சொல்லிப் படையில் சேராமலே தப்பித்திருக்கலாம். சேர்ந்தார், ஆனால் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்றார். தன்னை மனச்சாட்சியின்படி எதிர்ப்பவன் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை, மனச்சாட்சியின்படி ஒத்துழைப்பவன் என்றார். அந்தப் போர் நியாயமானது என்றே அவர் நம்பினார். கொல்வது மட்டும் தன் வேலை இல்லை என்றார்.

படத்தில் வருகிற ஒகினாவா என்ற ஜப்பானியத் தீவுக்குப் போகும் முன்பே குவாமிலும் பிலிப்பைன்ஸின் லெய்த்தே தீவிலும் குண்டுமழைக்கு நடுவே மருத்துவ உதவியாளராக இருந்தவர். படத்தில் அவை வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு ஆயுசை அடக்க முடியாது, அதில் எனக்குக் குறை இல்லை. 1945இல் ஒகினாவாவின் மயேதா செங்குத்துப் பாறையில்தான் அந்தப் பெரிய மீட்பு நடந்தது. எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று கேட்டபோது, நூறு பேர் இருக்கும் என்றது படை. ஐம்பதுக்கு மேல் இருக்காது என்றார் டாஸ். நடுவே எடுத்து 75 என்று எழுதினார்கள். அதே வருஷம் அக்டோபர் 12ஆம் தேதி அதிபர் ட்ரூமன் அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான 'மெடல் ஆஃப் ஹானர்' பதக்கத்தை அணிவித்தார்.

அந்தப் பதக்கத்தோடு வாசிக்கப்பட்ட சான்றுரையின் கடைசிப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். மே 21ஆம் தேதி ராத்திரி, ஒகினாவாவின் ஷூரிக்குப் பக்கத்தில் நடந்த தாக்குதல். கையெறிகுண்டு வெடித்து டாஸின் கால்களில் படுகாயம். மற்றொரு மருத்துவ உதவியாளரைக் கூப்பிட்டால் அவர் மறைவிடத்தை விட்டு வெளியே வந்து அடிபடுவார் என்று, தன் காயத்துக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் காத்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போகும் வழியில் எதிரியின் டாங்கிகள் தாக்குகின்றன. பக்கத்தில் தன்னைவிட மோசமாக அடிபட்ட ஒருவர் கிடப்பதைப் பார்க்கிறார். ஸ்ட்ரெச்சரிலிருந்து தவழ்ந்து இறங்கி, முதலில் அவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ஆட்கள் திரும்பி வருவதற்குள் மறுபடியும் அடிபட்டுக் கை எலும்பு நொறுங்குகிறது. பக்கத்தில் இருந்த ஒரு துப்பாக்கியின் கட்டையை எடுத்து அந்தக் கைக்கு அணை வைத்துக் கட்டிக்கொண்டு, 300 கஜம் தவழ்ந்தே முதலுதவி நிலையத்துக்குப் போய்ச் சேருகிறார்.

போர் முழுக்க துப்பாக்கியைக் கையால் எடுக்க மறுத்தவர். அதன் கட்டை கடைசியில் அவருடைய ஒடிந்த கைக்கு அணையாக வந்திருக்கிறது. ஏசாயா சொன்ன பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிக்கிற நாள் ஒரு துண்டு அளவுக்கு அங்கே வந்துபோன மாதிரி எனக்குத் தோன்றியது.

இது படத்தில் இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடத்தி அவரைக் கீழே இறக்குவது இருக்கிறது. வானத்தைப் பார்க்கக் கிடக்கும் அந்த உடம்பைச் சுற்றிக் கேமரா அழகாகப் போகிறது. அவர் அந்த ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கியது இல்லை. அந்த இடத்தில்தான் நாங்கள் கை தட்டிய சண்டைக் காட்சி இருக்கிறது. தன் சிலுவையைச் சுமந்த ஒரு மனுஷனின் கதையை எடுத்து, கடைசியில் அவருடைய ஜெபத்தால் தோழர்கள் நன்றாகக் கொன்றார்கள் என்கிற மாதிரி முடித்துவிட்டார்கள். படத்தில் டாஸாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் அற்புதமாகச் செய்திருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுரங்கத்துக்குள் அடிபட்டுக் கிடக்கும் ஜப்பானியனுக்கு மருந்து போடுகிற ஒரு சின்னக் காட்சி படத்தின் மணிமகுடம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஜப்பானியர் ஒருவருக்கு முகம் கிடைத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

ஒகினாவா மக்களுக்கு அந்த நிமிஷமும் கிடைக்கவில்லை. மயேதா பாறை ஆளில்லாத பொட்டல் இல்லை; பக்கத்திலேயே ஊர்கள் இருந்தன. அந்தத் தீவின் சாதாரண மக்களில் நாலில் ஒருவர் அந்த மூன்று மாதச் சண்டையில் செத்துப்போனார்கள் என்று சொல்கிறார்கள். இன்றைக்கு மபுனி குன்றில் 1995இல் திறந்த 'அமைதியின் மூலைக்கல்' என்ற நினைவிடம் இருக்கிறது. கடலைப் பார்த்த கருங்கல் சுவர்களில் 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒகினாவாக்காரர், ஜப்பானியர், அமெரிக்கர், கொரியர் எல்லாரும் ஒரே இடத்தில். நண்பன் யார், பகைவன் யார் என்று பிரிக்கவில்லை. "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற வார்த்தையைக் கல்லில் வெட்ட வேண்டுமென்றால் இதைவிட வேறு எப்படி வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் இப்படிச் சொன்னபோது ஐக்கியத்துப் பையன் ஒருவன், "அண்ணே, அப்ப ஜப்பான் ராணுவம் சீனாவுல நான்கிங் நகரத்துல செஞ்ச படுகொலைய மறைச்சிடணுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மறைக்கக் கூடாது. பிலிப்பியர் நிருபத்தில் எவைகளைச் சிந்தித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று பவுல் வரிசையாகச் சொல்லும்போது முதலில் வருவது "உண்மையுள்ளவைகளெவைகளோ" என்பதுதான். கற்புள்ளவை, அன்புள்ளவை எல்லாம் அதற்குப் பிறகே. போரில் நடந்ததை நடந்தபடி காட்டுகிற படம் அந்த முதல் வார்த்தைக்குள் அடங்கும். பாவத்தைப் பாவம் என்று காட்டலாம். அந்தப் பாவத்தைச் செய்தவன் சாகும்போது என்னை விசிலடிக்க வைப்பதுதான் உண்மையிலிருந்து விலகுகிற இடம். நிஜத்தில் அந்தப் பாறையில் நின்ற யாரும் மெதுவாக நகரும் காட்சியில் சண்டை போடவில்லை.

போர்க்கதையை எப்படிச் சொல்வது என்பதற்கு நம் வேதத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. அப்சலோம் கலகம் செய்து அப்பாவின் ராஜ்யத்தையே பிடுங்கப் பார்த்தவன். எப்பிராயீம் காட்டில் சண்டை. யோவாப் அவனைக் கொன்றுவிடுகிறான். ஜெயம் வந்துவிட்டது என்று ஓடி வருகிறவனிடம் தாவீது ஜெயத்தைக் கேட்கவில்லை; "பிள்ளையாண்டானாகிய அப்சலோம் சுகமாயிருக்கிறானா" என்று கேட்கிறார். செய்தி தெரிந்ததும் மேல்வீட்டுக்குள் போய், "என் மகனாகிய அப்சலோமே, என் மகனே" என்று அழுகிறார். அன்றைக்கு ஜெயம் ஜனங்களுக்கெல்லாம் துக்கமாக மாறிற்று என்று எழுதியிருக்கிறது. எதிரிப் படையின் தலைவன் இங்கே ஒரு அப்பாவின் பிள்ளை. அத்தனை யுத்தம் செய்த அந்தத் தாவீதிடம், நீ திரளான இரத்தத்தைச் சிந்தினாய், எனக்கு ஆலயத்தைக் கட்டவேண்டாம் என்று கர்த்தர் சொன்னதும் அதே வேதத்தில்தான். வசனத்தைச் சொல்லிச் சுட்ட ஜாக்சனை நினைத்துக்கொண்டு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

'எ ஹிடன் லைஃப்' என்று டெரன்ஸ் மாலிக் 2019இல் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடேகுண்ட் கிராமத்து விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டரின் கதை. ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர். ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார். மருத்துவ உதவியாளர் வேலை என்றால் செய்கிறேன் என்று கேட்டும் பார்த்தார், கிடைக்கவில்லை. டாஸுக்கு அமெரிக்கா கொடுத்த இடத்தை ஹிட்லரின் ஜெர்மனி இவருக்குக் கொடுக்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9இல் தலையை வெட்டினார்கள். வீட்டில் மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும். 2007இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோது அந்த மனைவி உயிரோடு இருந்தார். போரைப் பற்றிய இந்தப் படத்தில் போர்க்களமே கிட்டத்தட்ட இல்லை. புல் அறுக்கிறார்கள், கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள். மூன்று மணி நேரம் ஓடும், பொறுமை வேண்டும். பார்த்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐக்கியத்துக்கு அதைப் போடலாமா என்று யோசித்தேன். அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள் என்று தோன்றியது. அக்டோபரில் 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஈவோ ஜீமா' போட்டோம். 2006இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்தது. ஓர் அமெரிக்கர் ஜப்பானிய வீரர்களின் பக்கத்திலிருந்து எடுத்த படம், பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே. படம் தொடங்கும் முன் டாஸின் அந்தச் சான்றுரையை நானே தமிழாக்கி வாசித்தேன். ஆகஸ்டில் நானும் கை தட்டினேன், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது என்றும் சொன்னேன். மூத்தவரையும் அழைத்திருந்தேன். வந்தார். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் படத்தில் அடிபட்ட அமெரிக்கச் சிப்பாய் ஒருவனைக் குகைக்குள் தூக்கி வருகிறார்கள். 1932 ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கிய நிஷி என்ற அதிகாரி அவனுக்கு மருத்துவம் பார்க்கச் சொல்கிறார். அவன் பிழைக்கவில்லை. அவன் கையில் இருந்த காகிதத்தை எடுத்து, தன் ஆட்களுக்குப் புரிய ஜப்பானிய மொழியில் வாசிக்கிறார் நிஷி. அம்மா எழுதிய கடிதம். நாய்கள் வேலிக்கடியில் பள்ளம் தோண்டித் தெருவுக்கு ஓடிப்போய்விட்டன என்று எழுதியிருக்கிறார். எது சரியோ அதைச் செய், அது சரி என்பதற்காகவே செய் என்று எழுதியிருக்கிறார். குகைக்குள் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். எங்கள் ஹாலில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

படம் முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. பையன்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, அந்த அம்மாவுக்கு அப்புறம் யார் போய்ச் சொல்லியிருப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்துப் படியிறக்கி, வீடுவரை கொண்டுபோய் விட்டுவந்தேன்.